கஞ்சித்தண்ணி குடித்த கொள்ளைக்காரன்

என் உயிரான ரோசி அக்காவுக்கு,

நீ நடித்த படம் கிடைத்துவிட்டது. பழைய படங்களைத் தேடி யாரோ போனில் ஏற்றுகிறார்களாம், என் மகள் அனுப்பினாள். நெய்யாற்றங்கரையில் எடுத்த அதே கொள்ளைக்காரர் படம். ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். நடுவில் நீ கலயத்தோடு வந்து அவர்களுக்குக் கள் ஊற்றுகிறாய். எவ்வளவு அழகாக இருந்திருக்கிறாய், பாவி!

அந்த ஒரு காட்சிக்காகத்தானே உன்னைச் சபையிலிருந்து விலக்கினார்கள்? கலயத்தில் இருந்தது கஞ்சித்தண்ணி என்று அழுது சொன்னாய். யார் கேட்டார்கள்? அன்றைய சபைச் செயலாளர் தாசையன் பீடத்தின் முன் நின்று உன் பெயரை வாசித்து வெட்டினார். காட்டாக்கடையில் பேசி வைத்திருந்த கல்யாணமும் அதோடு போயிற்று. சாகும்வரை திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லாமலே இருந்தாய்.

படத்தில் தாசையனும் உண்டு. போலீஸ் வேஷம், அது ஊருக்கே தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. தனித்தனியாக ஆள் பிடிக்க வக்கில்லாத படம், அக்கா. போலீஸாக ஓடியவர்களே முகத்தில் துணி கட்டிக் கொள்ளைக்காரர்களாகவும் ஓடியிருக்கிறார்கள். தங்களைத் தாங்களே துரத்தியிருக்கிறார்கள்! உன் கையிலிருந்து வாங்குகிறவன் துணியை மூக்குவரை தூக்கிக் குடித்துவிட்டு, கால் வளைய வளைய ஓடுகிறான். அது தாசையனின் ஓட்டம் என்று கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ ஊற்றியது என்னவென்று குடித்துப் பார்த்த ஆள்தான் உனக்குத் தீர்ப்பு வாசித்திருக்கிறார். உனக்கு அது தெரியுமா? தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?

போன ஞாயிறு அவருடைய எண்பதாவது வயதுக்கு ஸ்தோத்திரக் கூட்டம். படம் கிடைத்த செய்தி கேட்டு அவரே என்னிடம் வந்தார். "எனக்க போலீஸ் வேஷத்த பேரப்பிள்ளைகளும் காணட்டும். சபை ஹாலில போட்டுவிடு மக்கா." தன் கழுத்துக்குத் தானே கயிறு கேட்கிற மனிதரை நான் ஏன் தடுக்க வேண்டும்? பாறசாலையிலிருந்து புரொஜெக்டர் எடுத்து வந்து போட்டேன்.

போலீஸ் வந்தபோது கைதட்டினார்கள். கொள்ளைக்காரன் குடித்துவிட்டு ஓடியபோது அவர் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டாள். "அய்யோ, இதும் நீங்கதானாக்கும்! கெட்டின நாள் மொதலு நான் காணுற ஓட்டமில்லியா?" பழைய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அது இனித்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். "ரோசிக்க பேர திரும்ப எழுதிச் சேப்பம் மக்கா. இத்தோட விடு."

"பேர வெட்டினது பீடத்துக்க முன்ன நின்னாக்கும். அங்கேயே நின்னு, நான் குடிச்சேன், அது கஞ்சித்தண்ணின்னு சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"வயசான காலத்தில என்னை நாணங்கெடுத்தாதே."

"அவளுக்கு அப்ப கல்யாண வயசாக்கும்."

போட்ட காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் முன் பெஞ்சில் அவர் கண்ணுக்கு நேரே உட்காருவேன். அவர் எழுந்து அதைச் சொல்லும்வரை விடமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. ஒரே பயம், அதற்குள் அவர் கண்ணை மூடிவிடக் கூடாது. அதனால் தினமும் முழங்காலில் நின்று அவருடைய ஆயுசுக்காக ஜெபிக்கிறேன். பெற்ற பிள்ளைகள்கூட அவருக்காக இவ்வளவு உருகி ஜெபித்திருக்க மாட்டார்கள்.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த தங்கச்சி,
செல்லம்