பாவுக்கு எத்தனை கிராம்

ஊரிகம்
12.6.2024

அன்புள்ள குணசுந்தரிக்கு,

நலம். நீயும் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய். என் போனை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாய். அதனால் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வரும் டைட்டஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ எல்லாவற்றையும் அளந்து போடும் பித்தளைப் பாவுப் படியும் உன்னோடு போய்விட்டது. எனக்கென்ன, எலெக்ட்ரானிக் தராசு வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாவில் அரிசி போட்டு நிறுத்தேன். இருநூற்றுப் பத்து கிராம். பாவுக்கு அதுதான் கணக்கு என்று சாம்பாருக்கு நீ போடும் ஒரு பாவு மிளகாய்த்தூளையும் அவ்வளவே நிறுத்துப் போட்டேன். நம் மெஸ்ஸுக்குத் தினமும் சாப்பிட வரும் கோவிந்தன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாண்ணே, தங்கச் சொரங்க ஷாஃப்ட்ல வெச்ச வெடிய எடுத்தாந்து ஊத்திக்கினு கீற?" என்றான். மறுநாள் மெஸ்ஸில் பாதி பேர் இல்லை.

தராசில் ஏதோ கோளாறு. பாவுக்கு எத்தனை கிராம் என்று எழுது, போதும்.

சௌந்தரராஜன்


கிருஷ்ணராஜபுரம்
14.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தராசு நன்றாகத்தான் இருக்கிறது. அதே பாவு நிறைய மிளகாய்த்தூள் போட்டால் நூற்றுப் பத்து கிராம்தான் வரும். தூள் லேசு. நீங்கள் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு காரம் போட்டிருக்கிறீர்கள். கோவிந்தன் அண்ணன் பாவம்.

மற்றதையும் எழுதலாம். ஆனால் அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒரு தராசு வாங்கிட்டா நீ எதுக்குடி?" என்று கேட்டீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. வாங்கியாயிற்றே, அதையே கேளுங்கள்.

குணசுந்தரி


ஊரிகம்
19.6.2024

அன்புள்ள குணா,

கேட்டேன். அது எடையைச் சொல்கிறது, சமையலைச் சொல்ல மாட்டேன் என்கிறது. காரம் சரியாகிவிட்டது, ஆனால் சாம்பார் தண்ணீராக ஓடுகிறது.

மதியம் எல்லாரும் சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன், "நான் பேசினது தப்பு, அவ இல்லாம இந்த மெஸ் இல்ல" என்று. நீ இல்லாமல் வீடும் நன்றாக இல்லை. வந்து முன்போல் சமைத்துக் கொடு.

உன் சௌந்தர்


கிருஷ்ணராஜபுரம்
21.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னதைக் கோவிந்தன் அண்ணன் போன் போட்டுச் சொன்னார். மனசு ஆறிவிட்டது.

அக்கா வீட்டுத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். அரிசியைத் தலைதட்டி அளப்பேன், அதன் எடை உங்களுக்குத் தெரிந்ததே. பருப்பை நான் எப்போதும் குவித்துத்தான் அளப்பேன், அதனால் பாவுக்கு இருநூற்று ஐம்பது கிராம் போடுங்கள். உங்கள் சாம்பார் ஓடுவது அதனால்தான். கல்லுப்பு கனம், பாவுக்கு இருநூற்று எண்பது. ரவை, கடலைமாவு எடையெல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். டப்பாக்கள் மேல் ஒட்டிவிடுங்கள். எதையும் மறைக்கவில்லை.

இனி நீங்களே சமைக்கலாம். நான் முன்போல் அடுப்படிக்கு வரப்போவதில்லை. கல்லாவில் உட்கார வருகிறேன், மெஸ்ஸில் பாதி என்னுடையது என்று. சம்மதம் என்றால் ஞாயிறு சாயந்திரம் ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

பித்தளைப் பாவு மட்டும் கேட்காதீர்கள். கல்லாவில் எனக்குச் சில்லறை போட வேண்டும். உங்களுக்குத்தான் தராசு இருக்கிறதே.

உங்கள் குணா