தழை வெட்டச் சொன்னது நான்தான்

தென்னூர், திருச்சி

அன்பு மகன் ரெஜிஸுக்கு,

மாதாவின் தயவில் நான் நலம். நீயும் மருமகள் ஜென்சியும் அந்த ஊர்க் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் செபிக்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து நன்றாகத் தெரிகிறது, ஆகவே வரி கோணினால் கண்ணைக் குறை சொல்லாதே. போனில் உன் குரலைக் கேட்டால் பாதியில் மழுப்பிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

மதுரை ரோட்டு நிலத்தில் மரக்கன்றுகள் வெட்டுப்பட்டதற்குக் காவலுக்கு இருக்கும் பெரியண்ணன் காரணம் இல்லை. வெட்டச் சொன்னது நான். மேய்ச்சலை நிறுத்தி நாட்டு மரங்களைத் தாமாகத் தழைக்க விட்டால் கார்பன் கிரெடிட் என்று பணம் கிடைக்கும் என்று நீ சேர்த்துவிட்ட திட்டத்தில், மரங்களை அளக்க ஆட்கள் வருவதாகக் கம்பெனிக்கார ஜெயக்குமார் சொன்னார். போய்ப் பார்த்தால் முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. உன் அப்பாவின் நிலத்தை அந்நியருக்கு இப்படியா காட்டுவது என்று பட்டது. பெரியண்ணன், தன் பேத்தியின் காதுகுத்துக்கு லால்குடி போயிருந்தார். நான் மலர்க்கொடியையும் இன்னும் மூன்று பெண்களையும் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொன்னேன். "என்னங்கம்மா, காட்டுக்குத் தலைவாரிப் பூ வைக்கச் சொல்றீங்க" என்று அவள் சிரித்தாள். பேசாமல் வேலையைப் பார் என்றேன். வெட்டுப்பட்டவை இடுப்பளவு வளர்ந்திருந்த உசிலையும் வெப்பாலையும் வாகையும். அளப்பதற்கென்று கயிறு கட்டி வைத்திருந்த இடமே அதுதான். எனக்கு எல்லாம் புதராகத்தான் தெரிந்தது, யாரையும் கேட்கவும் இல்லை.

ஜெயக்குமார் வெட்டிய கட்டைகளைப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குத் தழை வெட்டியிருக்காங்க போலங்கம்மா, பெரியண்ணன் வீட்ல இன்னும் ஆடு இருக்குல்ல?" என்றார். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், பொய் சொன்னதற்கு உன்னை முட்டிபோட வைத்தவள், "நான் இல்லாதபோது என்ன நடக்கிறதோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அது போதுமாக இருந்தது. மறுநாள் என் முன்னாலேயே பெரியண்ணனை விசாரித்தார். அந்தப் பெண்கள் அவர் தெருக்காரர்கள், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஊர்ல இல்லாம போனது என் தப்புதாங்க சார்" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீ போனில் ஆளை மாற்றச் சொன்னபோதும் சரி என்றேன். கேட் சாவியை வாங்க அவர் வீட்டுக்குப் போனால் அவர் இல்லை, மனைவி பவுனம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு மோர் கொடுத்தாள். ஆடுகளைக் காணோமே என்றேன். "நாலையும் வித்துட்டாருங்கம்மா, ஆடு இருந்தாத்தானே தழை வெட்டினோம்னு சொல்லுவாங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. சாவியை வாங்காமல் வந்துவிட்டேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு ஜெயக்குமாரிடம் கொடுத்துவிட்டேன். இந்த வருட அளவில் நம் நிலத்தைச் சேர்க்க மாட்டார்களாம், அது நியாயம். வேர் இருப்பதால் மழைக்குத் துளிர்த்துவிடுமாம். நீ உடனே ஜெயக்குமாருக்குப் போன் செய்து, காவலுக்குப் பெரியண்ணனே இருக்கட்டும் என்று சொல். ஆனால் பெரியண்ணனிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிடாதே, இளகிய மனசுக்காரன் நீ, செய்வாய். அதை நான்தான் கேட்க வேண்டும், அவர் தெருவில், மலர்க்கொடியும் மற்றவர்களும் கேட்க. ஞாயிறு பூசை முடிந்து நேரே போகிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. அது சுலபம், அங்கே நடுவில் திரை இருக்கிறது.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும். ஜென்சியைத் தைராய்டு மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்.

உன் அம்மா,
பேட்ரிசியா அற்புதசாமி