தாழையோலைப் பாய்

12 ஜூலை 1986, சனி

சமோவாவைச் சுற்றிவிட்டு வந்து மூன்று வாரமாகிறது. அங்கே சவாயி தீவில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மழையில் நின்ற என்னை, மலியா என்ற பெண்மணி வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். புறப்படும்போது தான் பின்னிய தாழையோலைப் பாய் ஒன்றைத் தந்தார். "உங்கள் ஊரில், மவுண்ட் வெல்லிங்டனில், என் மகள் இருக்கிறாள். இதைக் கொடுத்து, ஒருமுறை வந்து முகத்தைக் காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

வேலை, சளி என்று நாளைக் கடத்தினேன். இன்று காலை மனைவிதான், "இண்டைக்கெண்டாலும் கொண்டுபோய்க் குடுங்கோவன்" என்று பாயை எடுத்துக் கையில் தந்தாள்.

மகள் கறுப்பு உடுத்திருந்தாள். மலியா போன கிழமை நெஞ்சுவலியில் இறந்துவிட்டாராம். அடக்கத்துக்குப் போய் நேற்றுத்தான் திரும்பியிருக்கிறாள். பாயை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அம்மா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். சொன்னேன். வெகுநேரம் அழுதாள்.

பிறகு, "நீங்கள் அங்கிருந்து எப்போது வந்தீர்கள்?" என்றாள்.

"முந்தாநாள்தான்" என்றேன்.

"அப்படியென்றால் அம்மா சொன்னது எப்படியும் நேரத்துக்குக் கிடைத்திருக்காது" என்று கண்ணைத் துடைத்தாள். வந்த உடனேயே கொண்டுவந்து தந்ததற்கு நன்றி சொன்னாள். தேநீர் குடிக்காமல் என்னைப் போகவிடவில்லை.

அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று எழுத உட்கார்ந்தேன். அது உண்மையில்லை.