அரிசி மா தூவிய கெரம் பலகை

அன்புள்ள சம்பந்தி,

இன்று காலை குண்டசாலை பஸ்ஸில் காசு எடுக்கச் சுருக்குப் பையை அவிழ்த்தேன். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தேன். கெரம் பவுடர். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. பைக்குள் கிடக்கும் உங்கள் ஸ்ட்ரைக்கரிலிருந்து இன்னும் அது உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கொண்டக்டர் பையன் "அம்மே, சல்லி" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நான் விரலை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

புசல்லாவையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்னாலேயே நீங்கள் சொல்வீர்கள்: "மொதல்ல புள்ளைங்க சங்கதி சொல்லுங்க சம்பந்தி. அப்புறம் மத்தது." அதே வரிசையில் சொல்கிறேன்.

நம் பேத்தி தர்ஷினி கம்பஸுக்கு, அதுதான் யுனிவர்சிட்டிக்கு, எடுபட்டுவிட்டாள். கணக்குப் பாடம். ரிசல்ட் வந்த அன்று தெருவில் எல்லோருக்கும் நான்தான் பாற்சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்வீட்டு நோனாவுக்கு என் அரைகுறைச் சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னேன். சின்னவன் சஞ்ஜய் புலமைப்பரிசில் சோதனையில் பாஸ். நான் படிப்பை நிறுத்திய அதே ஐந்தாம் வகுப்பு, சம்பந்தி. நான் உட்கார்ந்துவிட்ட படியில் அவனை மேடையேற்றி மாலை போட்டார்கள். கொழும்பில் இருக்கும் என் மகன் வீட்டுச் சின்னவள் நீச்சலில் கப் வாங்கியிருக்கிறாள். அவள் உங்கள் பேத்தி இல்லை. இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், பெருமை கூடினால் குறைந்தா போகும்?

மூளை எங்கள் வீட்டு மூளை என்று நான் சொல்வேன். "மூளைய வச்சிக்கிட்டு என்னா செய்ய? கை எங்க கை" என்று நீங்கள் சொல்வீர்கள். இந்தத் தடவை மறுத்துப் பேச ஆள் இல்லாமல் நான் மட்டும் ஜெயித்தேன். அதில் ருசியே இல்லை.

இப்போது மத்தது.

என் மகள் மாலாவும் உங்கள் மகனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் வந்த மாதிரிச் சண்டை இல்லை இது. அப்போது பாத்திரம் சத்தம் போடும், கதவு சத்தம் போடும். இந்தத் தடவை வீட்டில் எதுவுமே சத்தம் போடவில்லை. எனக்கு அதுதான் பயம்.

நடந்தது உங்கள் கெரம் பலகையால். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். அறையைக் காலி பண்ணும்போது பலகையைக் கொண்டுபோய்ப் பாத்ரூம் சுவரில் சாய்த்துவிட்டார்கள். கண்டி மழை உங்களுக்குத் தெரியாதா? ஈரம் ஏறி, ஒரு மூலை பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கிவிட்டது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். கத்தவில்லை. "எங்கம்மாவக் கொண்டுபோய்ப் பாத்ரூம்ல சாச்சி வச்சிருக்கீங்க" என்றார். அதற்கு என் மகள், என் வயிற்றில் பிறந்தவள்தான், "பலகைக்கு இருக்கிற மதிப்பு இந்த வீட்டுல எனக்கு இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு இருவருக்கும் நடுவில் நான் டெலிபோன் ஆகிவிட்டேன். மூன்று பேரும் ஒரே மேசையில் இருப்போம்.

"அம்மா, சோறு ஆறுதுன்னு சொல்லுங்க அவர்கிட்ட."

"அத்தை, எனக்குப் பசி இல்லன்னு சொல்லுங்க."

நான் யாரிடம் எதைச் சொல்வது? அவர் காதில்தான் அவள் சொன்னது விழுந்துவிட்டதே. தர்ஷினி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சின்னவன் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சோற்றைப் பிசைவான்.

நீங்கள் இருந்திருந்தால் அடுத்த ஞாயிறே ஒரு பை நிறைய லீக்ஸும் பீட்ரூட்டுமாக வந்து இறங்கியிருப்பீர்கள். யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. (நான்தான் சொல்வேன். பக்கத்துக் கடைப் போனில்.) வந்ததும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை, புத்தி சொன்னதில்லை. ஸ்டூலை நடு ஹாலில் போட்டுப் பலகையை ஏற்றுவீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தபோது ஸ்டாஃப் கிளப்பில் பார்த்துப் பார்த்தே பழகிய ஆட்டம். கடைசியில் அந்தக் கிளப்பில் உங்களை ஜெயிக்க ஆள் இல்லாமல் போனது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். சொந்த ஸ்ட்ரைக்கரைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிற பொம்பளையை நான் உங்களைத் தவிர வேறு எங்கும் கண்டதில்லை.

நம் வீட்டுச் சட்டம் ஒன்றுதான். சண்டை போட்ட புருஷனும் பொண்டாட்டியும் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். அவர்கள் ஒரு கட்சி. நாம் இரண்டு சம்பந்திகளும் எதிரும் புதிருமாக இன்னொரு கட்சி. "எதிர்ல ஒக்காந்திருக்கிறவன் எதிரி இல்ல, அவன்தான் கூட்டாளி. அத மட்டும் ஞாபகம் வச்சிக்கிட்டு அடிங்க" என்பீர்கள். பிறகு வாயைத் திறந்தால் மூடமாட்டீர்கள்.

"என்னாடி மாலா, ஒம் புருஷன் கண்ணு காய்ல இல்லியே, கோவத்துல இருக்கே."

"அத்தை, சும்மா இருங்க."

"நான் சும்மாத்தான் இருக்கேன். அவந்தான் பக்கத்துல இருக்கிற காயையும் போட முடியாம முழிக்கிறான். இவனையா நீ கட்டிக்கிட்டே?"

அவளுக்கு ரோஷம் வந்துவிடும். புருஷனைத் தான் திட்டலாம், மாமியார் திட்டக் கூடாது. "லேசாத் தட்டுங்க, அந்த மூலைக்கு" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தான் பேசாமல் இருந்தது அவளுக்கு ஞாபகம் வரும். நீங்கள் குனிந்த தலை நிமிராமல் அடுத்த காயைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு மட்டும் அந்த ஆட்டம் பிடிக்காது. இப்போது சொல்வதற்கு என்ன. நகம் வலிக்கும். ஸ்ட்ரைக்கர் என் கையில் பிசகிப் பிசகி ஓடும். "சம்பந்தி, இடியப்பம் புழியிற மாதிரி அடிக்கிறீங்களே!" என்று பிள்ளைகள் முன்னால் சொல்வீர்கள். என்னால்தான் நம் கட்சி தோற்கிறது என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை மனம் கசந்து அடுப்படிக்குள் போயிருக்கிறேன்! காய்களைப் பூப்போல அடுக்கி, நடுவில் சிவப்பை வைப்பது மட்டும் எனக்கு அழகாக வரும். "அடுக்கிற வேல ஒங்களுக்கு, அடிக்கிற வேல எனக்கு" என்று முடித்துவிடுவீர்கள்.

போன ஞாயிறு மாப்பிள்ளை பையைக் கட்டிவிட்டார். "அத்தை, அம்மா வீடு பூட்டியே கெடக்கு. நான் அங்கிருந்தே வேலைக்குப் போயிக்கிறேன்" என்றார். புசல்லாவையிலிருந்து கண்டிக்குத் தினமும் போய் வருவதா? விடியுமுன் பஸ் ஏற வேண்டும். இது வேலைக்குப் போகிற யோசனை இல்லை, வீட்டை விட்டுப் போகிற யோசனை. எனக்குத் தெரிந்தது, மாலாவுக்கும் தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாள். வாசலில் அவர் பை. பக்கத்தில் பெட்ஷீட்டில் சுற்றிய உங்கள் பலகை. அவர் குளிக்கப் போயிருந்தார். குளித்து வந்தால் பஸ்.

எனக்கு உங்களைப் போல வாய் கிடையாது, கை கிடையாது. அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. பெட்ஷீட்டை அவிழ்த்தேன். ஸ்டூலைப் போட்டுப் பலகையை ஏற்றினேன். பவுடர் டின்னைத் திறந்தால் மழை ஈரத்தில் உள்ளே எல்லாம் கல்லாகக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தேன், அசையவில்லை. குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. அடுப்படிக்கு ஓடினேன். வறுத்த அரிசி மா இருந்தது. அதுவும் வெள்ளைதான், அதுவும் வழுவழுப்புத்தான். இரண்டு கை அள்ளி வந்து பலகை முழுக்கத் தூவினேன். சத்தியமாக அது போதும் என்றுதான் நினைத்தேன், சம்பந்தி.

காய்களை அடுக்கி முடிக்கவில்லை, மாப்பிள்ளை தோளில் துவாயோடு வந்து நின்றார்.

"அத்தை! என்னா இது?"

"பவுடர் கட்டியாப் போச்சு மாப்ள..."

குனிந்து விரலால் தொட்டார். நாக்கில் வைத்தார். "மாவா? அத்தை, எங்கம்மா பலகையில இடியப்ப மாவா?" அவர் முகம் சிவந்தது. இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது முழுக்க இப்போது என் தலையில் விழப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "ஈரப் பலகையில மா ஏறினா எறும்பு வந்து அரிச்சிரும். தட்டணும், ஒடனே தட்டணும்!" என்று பலகையின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். தனியாகத் தூக்க முடியவில்லை. காய்கள் சரிந்து ஓடின. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தப் பக்கம் புடி."

என்னைச் சொல்லவில்லை. எனக்கு அவர் அப்படிச் சொல்லமாட்டார்.

மாலா கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தாள். "எந்தப் பக்கம்?"

"வீங்கின பக்கம். மெதுவா."

இரண்டு பேரும் பலகையை வெளியே கொண்டுபோய்ச் சரித்தார்கள். அவர் தலை துவட்டிய துவாயாலேயே துடைத்தார், நீங்கள் துடைக்கிற மாதிரி நடுவிலிருந்து வட்டமாக. நான் மாவுக் கையோடு உள்ளேயே நின்றேன். மூச்சு விட்டால்கூடக் கெட்டுவிடும் போல இருந்தது.

"நான் வேணும்னு வைக்கல" என்றாள் மாலா. குரல் தரையைப் பார்த்து இருந்தது. "பெயிண்டுக்காரங்க நகத்திட்டாங்க. நான் கவனிக்கல. அத்தை எனக்கும் அத்தைதானே?"

அவர் வெகுநேரம் துடைத்தார். "வெயில்ல வச்சா வெடிச்சிரும்" என்றார் கடைசியில். "நெழல்ல காயணும். நாள் எடுக்கும்."

பலகை உள்ளே வந்தது. மாப்பிள்ளை டின்னிலிருந்த கல்லைப் பேப்பரில் வைத்துப் போத்தலால் உருட்டிப் பொடியாக்கினார். எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்! நான் என் சுருக்குப் பையிலிருந்து உங்கள் ஸ்ட்ரைக்கரை எடுத்து வைத்தேன். உங்கள் காரியம் முடிந்த அன்று "நீங்க வச்சிருங்க அத்தை, நான் வச்சிருந்தா எடுத்து எடுத்துப் பாப்பேன்" என்று அவர்தான் கொடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவர் தன் இடத்துக்கு வந்தார். உட்கார்ந்தார். மாலா எதிரில் உட்கார்ந்தாள். நான் என் இடத்தில். எனக்கு எதிரே உங்கள் கதிரை.

சஞ்ஜய் அதில் ஏறப் பார்த்தான். "அப்பாயி எடம், எறங்கு" என்றார் மாப்பிள்ளை. "அத்தை, ஒங்க கூட்டாளி முறையையும் நீங்களே அடிங்க."

இரண்டு பேர் ஆட்டத்தை என் ஒரு நகம் ஆடியது. எழுந்து எழுந்து இடம் மாறி அடித்தேன். ஒரு காயும் விழவில்லை. வீங்கிய மூலைக்குப் போகிற காய் எல்லாம் மேடு ஏற முடியாமல் திரும்பி வந்தது. மாலாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கி, மறுபடி வந்தது.

"சிரிக்காதடி" என்றேன். "ஒங்க மாமியார் இருந்த காலத்துலயும் என்னாலதான் தோத்தாங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா? சும்மா வந்த நாள்ல, நீங்க அடுப்படியில இருக்கிறப்ப எல்லாம், எங்களச் சிவப்பக்கூடத் தொட விடமாட்டாங்க. சண்ட நாள்ல மட்டுந்தான் தோப்பாங்க. ஒங்களுக்குத் தெரியாதா அத்தை?"

எனக்குத் தெரியாது, சம்பந்தி! இத்தனை வருஷம் என் நகத்தை அல்லவா நொந்துகொண்டேன்? ஒரு தடவை என் காதில் போட்டிருக்கலாமே. போட்டிருந்தால் நானும் நன்றாக நடித்திருப்பேன் இல்லையா? இல்லை. உளறிக் கொட்டியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, கூடவே உங்கள் மேல் கோபமும் வந்தது. எதிரே இருந்த வெறுங் கதிரையைப் பார்த்து முறைத்தேன்.

ஆட்டம் முடியும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தார். "புசல்லாவ பஸ் போயிருக்கும்" என்றார், மாலாவைப் பார்த்து.

"போயிருக்கும்" என்றாள் அவள்.

சண்டை தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். பை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காலையும் அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மாலையில் மாலா அதைத் துவைத்து அலுமாரியில் வைக்கிறாள். பை இளைத்துக்கொண்டே வருகிறது. நான் அதன் பக்கம் போவதில்லை, விளக்குமாற்றைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. பலகை ஹாலில், நிழலில், நான்கு செங்கல்லின் மேல் காய்கிறது. ஸ்ட்ரைக்கர் என் பையில் இருக்கிறது. காசு எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். நகம் வலித்தாலும் பரவாயில்லை என்று, மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது அடித்துப் பழகுகிறேன். ஜெயிக்க இல்லை. தோற்பதையும் தெரிந்து தோற்க வேண்டுமே, அதற்குத்தான்.

முடிக்கும் முன் ஒரு குறை. ஹாலில் மாலை போட்டிருக்கிற உங்கள் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. யாரோ காயைத் திருடிவிட்ட மாதிரி பார்க்கிறீர்கள். வேறு படம் தேடினோம். எல்லாவற்றிலும் பலகையின் மேல் குனிந்த உச்சந்தலை, வகிடு, கொண்டை. பிள்ளைகளின் கலியாணப் படத்தில்கூட பந்திப் பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கிறீர்கள். "வட்சப்புல வர்றது படமா? கையில புடிச்சுப் பாக்கணும், போஸ்ட்ல போடுங்க" என்று பிள்ளைகளின் ஒவ்வொரு கப்புக்கும் ஒவ்வொரு பாஸுக்கும் என்னிடம் படம் கேட்டு வாங்கினீர்கள். ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை.

இப்போது என் முறை. ஒரு புதுப் படம் எடுத்து அனுப்புங்கள், சம்பந்தி. தலை நிமிர்ந்து.