அம்மா மினுக்கின கத்திகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் விரல் நுனிகள் கறுத்திருந்ததைத்தான் முதலில் கண்டேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உங்களுடைய பழைய அமெரிக்க மடக்குக் கத்திகள் எல்லாம் விரித்தபடி கிடந்தன. அம்மா அவற்றைப் புளியும் கம்பிப் பஞ்சும் போட்டு, குத்துவிளக்கைப் போல மினுக்கிக்கொண்டிருந்தா.

"கத்தியோட குடும்பம் நடத்தின மனிசன், ஒருநாளாவது இதுகளைத் தேய்ச்சிருக்கலாம்" என்றா. "ஞாயிற்றுக்கிழமை அவர் இந்தக் கத்திப் பெட்டியை எடுக்க வரேக்கை ஊத்தையாக் குடுக்கேலுமே? என்னைப் பற்றி என்ன நினைப்பார்?"

நீங்கள் எங்களை விட்டு லொங்குய் நகரத்துக்குத் தனியாகப் போன இந்த ஆறு மாதத்தில் அம்மா உங்களைப் பற்றிக் கதைத்தது இதுதான் முதல் தரம்.

இரும்பில் படிந்த நூறு வருசக் கறுப்புப் போனால் கத்தியின் மதிப்பும் போய்விடும், சேகரிக்கிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு உங்களோடு பழைய சாமான் சந்தைகளுக்கு வந்தவள் நான்தானே. ஆனால் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. போனில் சொல்லவும் எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததும் அம்மாவை ஏசாதீர்கள். கொஞ்ச நேரம் இருந்து தேத்தண்ணி குடியுங்கள்.

மான்கொம்புப் பிடி போட்ட கத்தி மட்டும் இன்னும் தேய்க்காமல் கிடந்தது. உங்களுக்கு மிகவும் பிடித்தது அது. அம்மா கை நீட்டினா. அதையும் அவ உங்களுக்காக மினுக்கட்டும் என்று, நான் அதை விரித்து அவவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உங்கள் சின்ன மகள்