தட்டு காலியான பிறகு

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். சிட்டுவைப் பற்றியும் அதே வார்த்தையை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தினமும் போனில் முகம் பார்க்கிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் தூங்கிய பிறகு உனக்கு அங்கே முதியோர் இல்லத்தில் டூட்டி. வேறு வழி தெரியவில்லை.

கடையில் ரிப்பேருக்கு வந்த ஏழு ஃபிரிட்ஜ் வரிசையாக நிற்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் இன்னும் உறுமிக்கொண்டேதான் இருக்கிறது. நீ வந்து திட்டினால்தான் அதைத் திறந்து பார்ப்பேன் போல.

போன வாரம் சுகாதார நிலையத்தில் சிட்டுவுக்கு எடை பார்த்தார்கள். பதினொரு கிலோ. நீ போய் எட்டு மாதம், அதில் நாலு மாதமாக முள் நகரவில்லை. மூன்றரை வயதுக்கு இது ரொம்பக் குறைவு, சத்துக்குறைவு என்றே அட்டையில் எழுதிவிட்டார் நர்ஸக்கா. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, டானிக் மாற்றியாயிற்று. காலையில் நான் அவசரத்தில் இரண்டு வாய் ஊட்டிவிட்டு ஓடுகிறேன். உருப்படியான சாப்பாடு என்றால் நீ கூப்பிடும் அந்த ஒரு வேளைதான். அதையும் அவள் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறாள். நீ அங்கிருந்து கெஞ்சுகிறாய், கண் கலங்குகிறாய். நான் இங்கிருந்து அதட்டுகிறேன். உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் போனை வைத்ததும் அவள் கன்னத்தை அழுத்தி விழுங்க வைத்தேன். வாந்தி எடுத்தாள். அதிலிருந்து சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நர்ஸக்கா சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தார். போனுக்குத் தெரியாமல் அடுப்படி ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தார். நீ வழக்கம்போல, "தட்டைக் காட்டு பாப்போம், சமர்த்து, அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போனை வைத்தாய். அப்புறம் அவர் சிட்டுவை மடியில் போட்டுக்கொண்டு, சோற்றை ஏன் வாயிலேயே வச்சிருக்கே என்று கேட்டார். அவள் ரகசியம் போலச் சொன்னாள்: "முழுங்கிட்டா தட்டு காலியாயிடும். காலியானா அம்மா போயிடுவாங்க."

பசியைத் தாங்கிக்கொண்டு உன்னைப் பிடித்து வைத்திருக்கிறாள். நாமோ பிடிவாதம் என்று பெயர் வைத்தோம்.

அவளை மட்டும் சொல்வானேன். கொஞ்ச நாளாக நானும் உருண்டையைச் சின்னதாகத்தான் பிடிக்கிறேன். பத்து வாயில் முடிகிற சோறு இருபது வாய் ஆகும், நீயும் அதுவரை இருப்பாய். தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று கேட்காதே.

இதை எழுத நாலு நாள் யோசித்தேன். நர்ஸக்கா சொன்னது இதுதான்: சாப்பாடு வேறு, அம்மா வேறு என்று பிரித்துவிட வேண்டும். இனிமேல் அவள் சாப்பிடும்போது நீ கூப்பிடாதே. நான் உருண்டை பிடித்துத் தட்டில் வைக்கிறேன், அவளே எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும், மீதி வைக்கட்டும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கெஞ்சலும் அதட்டலும் கிடையாது. தட்டைக் கழுவி வைத்ததும் நானே உன்னைக் கூப்பிடுகிறேன். தட்டு காலியானால் அம்மா வருவாள் என்று அவளுக்குப் புரிய வேண்டும். அவள் சாப்பிடுவதை நீ கண்ணால் பார்க்க முடியாது. அங்கே எட்டு முதியவர்களுக்குப் பொறுமையாக ஊட்டிவிட்டு வருகிறவளிடம் இதைக் கேட்கிறோமே என்று எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று. உன் இடைவேளை அரை மணி நேரம். அதை முழுக்க எங்களுக்குக் கொடுத்துவிட்டு நீ எப்போது சாப்பிடுகிறாய்? உன் கழுத்தெலும்பு இங்கே போனிலேயே தெரிகிறது. அங்கே உன்னை எடை பார்க்க ஒரு நர்ஸக்கா இல்லை, நான்தான் பார்க்கிறேன்.

அதனால் நீயும் முதலில் சாப்பிடு. நான் கூப்பிட்டதும் சிட்டு தன் தட்டைக் காட்டுவாள், நீ உன் தட்டைக் காட்டு. பேச்சு பத்து நிமிடம் குறையும். குறைந்ததையெல்லாம் நான் சேர்த்து வைத்திருக்கிறேன், நேரில் வந்து பேசித் தீர்த்துவிடு.

நீ வயிறு நிறைந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உருண்டையை இனிப் பெரிதாகப் பிடிக்கப்போகும்
சிட்டு அப்பா