மலையேறாத அம்மா

கம்பைநல்லூர்
12.5.2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தீர்த்தம்மாள் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

என் மகள் பாரதிக்கு வைகாசிக் கடைசியில் கல்யாணம். அதற்கு முன் செத்துப்போன அம்மாவைப் பம்பை அடித்து அழைத்து, பூவும் புதுச்சேலையும் படைத்துப் பூவாடை போட்டு வாக்குக் கேட்க வேண்டுமே. கடத்தூர் பம்பைக்காரர்களோடு தம்பி மாதுவும் சேர்ந்து இரண்டு மணி நேரம் அடித்தும் அம்மா யார் மேலும் வரவில்லை. "பெரிய மவன் கை இல்லாம ஆத்தா எறங்க மாட்டாங்க, ஆள விடுங்க" என்று பெரிய பம்பைக்காரர் கிளம்பிவிட்டார். வாக்கு வராமல் கல்யாணம் இல்லை என்கிறார் என் வீட்டுக்காரர். படிப்பை ஒரே ஒரு நாள் விட்டுவிட்டு வாருங்கள்.

தீர்த்தம்மாள்

சென்னை
17.5.2024

தீர்த்தம்மாளுக்கு,

வர முடியாது. 28ஆம் தேதி எனக்கு எம்.ஏ. வாய்மொழித் தேர்வு.

ஒரு நாள் என்கிறாய். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, பம்பை அடித்துக்கொண்டிருந்த அப்பா நோயில் படுத்தபோது, அம்மாவும் "ஒரு வாரம் அடிச்சுட்டுப் போடா" என்றுதான் என்னை விடுதியிலிருந்து கூட்டி வந்து பம்பையைக் கட்டிவிட்டாள். அந்த வாரம் முடியவே இல்லை. அன்று என்னோடு முதல் வருடம் படித்தவர் இன்று இங்கே துறைத்தலைவர். நாற்பத்தெட்டு வயதில் அவரை 'ஐயா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வருவதாவது. அடியின் வேகம் கூடும்போது மனம் மயங்குகிறது. ஆய்வேட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதற்காக நானே அடித்துப் பதிவு செய்த அழைப்பு அடியைப் பென் டிரைவில் அனுப்புகிறேன். ஸ்பீக்கரில் போட்டுக்கொள்.

முனிராஜ்

கம்பைநல்லூர்
26.5.2024

அண்ணனுக்கு,

போட்டோம். பத்தே நிமிடத்தில் அம்மா என் மேல் வந்துவிட்டாளாம். எனக்கு நினைவில்லை, பாரதி சொன்னதை எழுதுகிறேன். மாப்பிள்ளை நல்ல பையன் என்று வாக்குச் சொன்னாளாம். அத்தோடு பதிவு நின்றுவிட்டது. அழைத்தீர்களே, மலையேற்றி அனுப்பும் அடி எங்கே? அதில் இல்லையே.

கற்பூரத்தை விழுங்க வைத்தார்கள். கடத்தூர்க்காரர்களும் மறுபடி வந்து அடித்தார்கள். "கூப்பிட்டவன் வந்து அனுப்பட்டும்" என்றாளாம்.

நான்கு நாளாக என் வீட்டுக்காரரை 'மாப்ள' என்று கூப்பிடுகிறேன். அவர் களத்தில் போய்ப் படுக்கிறார். சோறு போடும்போது, "முனிராசு தின்னானா?" என்று என் வாய் கேட்கிறது. பாரதி என்னோடு தனியாக இருக்க மாட்டேன் என்கிறாள். பயமாக இருக்கிறது அண்ணா. வந்து அனுப்பிவையுங்கள்.

தீர்த்தம்மாள்

சென்னை
30.5.2024

தீர்த்தம்மா,

தேர்வு முடிந்தது. அனுப்பும் அடியை ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டார்கள். நேரம் போதவில்லை என்றேன். பொய். மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் கை நின்றுவிட்டது. நம்பாதவனுக்குக் கை ஏன் நிற்க வேண்டும்?

திங்கட்கிழமை அரூரில் இறங்கி வருகிறேன். மாதுவிடம் பம்பையை வார் இறுக்கி வைக்கச் சொல்.

ஆனால் வந்ததும் அவளை அனுப்ப மாட்டேன். மாதுவுக்கும் அப்போதே பம்பை தெரியும். அவனை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்த என்னை ஏன் கூட்டி வந்தாள்? அவள் உயிரோடு இருந்தவரைக்கும் கேட்டேன். "மொதல்ல சாப்புடு" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. இப்போது பேசட்டும். பதில் வராமல் அந்த அடியை அடிக்க மாட்டேன்.

அதுவரை பொறுத்துக்கொள். இந்த வீட்டில் நான் மட்டுமே பொறுத்துக்கொண்டிருக்க முடியாது.

உன் அண்ணன்
முனிராஜ்